குழாயடிக் கேள்விகள்: முதலில் அளந்து பாருங்கள்

வெயில் ஏறத் தொடங்கியதும் கடிதங்களின் போக்கும் மாறிவிடுகிறது. இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்ச் சிக்கனம் பற்றியவை. சிறு வயதில் உதவியாளனாக ஸ்பேனர் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து சென்னையில் குழாய் வேலை பார்த்தே வயதானவன் நான். புத்தகத்தில் படித்ததை விட, வீடு வீடாகக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். அதிலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

வீட்டில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மாடியில் 1,000 லிட்டர் தொட்டி. காலையில் நிரப்பினால் மறுநாள் விடிவதற்குள் காலியாகிவிடுகிறது. “சிக்கனமாகச் செலவழியுங்கள்” என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். எந்தப் பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும்?
— வாசகி, மடிப்பாக்கம்

கத்துவதை விட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள் அம்மா. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு கணக்கிடுகிறது. நான்கு பேருக்கு 540 லிட்டர். அப்படிப் பார்த்தால் உங்கள் தொட்டி ஏறக்குறைய இரண்டு நாள் வரவேண்டும். 135 லிட்டர் என்பது தாராளமான அளவுதான். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2018 வறட்சியின்போது ஆளுக்கு 50 லிட்டருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு போட்டு, அதைக் கொண்டு குடும்பம் நடத்தினார்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் யாரோ அளவுக்கு மீறிச் செலவழிக்கிறார்கள், இல்லையென்றால் யாருமே செலவழிக்காமல் தண்ணீர் போகிறது. நான் போன வீடுகளில் இரண்டாவதுதான் அதிகம். பிள்ளைகள் மீது பழி விழும். குற்றவாளி சுவருக்குள் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. இரவு எல்லாரும் படுத்த பிறகு ஒரு நீளக் குச்சியைத் தொட்டிக்குள் அடிவரை விட்டு எடுத்து, ஈரம் எட்டிய இடத்தில் கோடு போடுங்கள். இரவில் கழிவறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வாளி நிரப்பி வைத்துவிடுங்கள். விடிகாலையில், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், அதே குச்சியை மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் குழாய்களில் குறையில்லை. இறங்கியிருந்தால் ஒழுகுகிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது நீரின் உயரம் 100 செ.மீ. என்றால், ஒரு செ.மீ. இறக்கம் 10 லிட்டர். ஐந்து செ.மீ. இறங்கியிருந்தால், ஒருவருக்குக் கேப்டவுனில் நாள் முழுவதற்கும் கொடுத்த தண்ணீர் நீங்கள் தூங்கும்போதே போய்விட்டது.

எங்கே ஒழுகுகிறது என்பதையும் தொட்டியடியிலேயே கண்டுபிடிக்கலாம். குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் அதைத் திருகி மூடும் ஒரு கேட் வால்வு இருக்கும். மறுநாள் இரவு ஒன்றை மட்டும் மூடிவிட்டுச் சோதியுங்கள். எந்த வால்வை மூடினால் மட்டம் இறங்காமல் நிற்கிறதோ, அந்த வழியில்தான் ஒழுக்கு.

இது முடிந்த பிறகு பழக்கங்களுக்கு வருவோம். ஒரு 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து முழுக்கத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், திறந்துவிட்டு இரண்டு நிமிடம் பல் துலக்குகிறவர் 20 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார். வாய் கொப்பளிக்க ஒரு சொம்பு போதும். இந்தச் சோதனையை உங்கள் பிள்ளைகளைக் கொண்டே செய்யச் சொல்லுங்கள். அம்மா சொல்லிக் கேட்காத பிள்ளை, தானே அளந்த கணக்குக்குக் கட்டுப்படும்.

பழைய வீடு. கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிறையப் பிடிக்கிறது. உள்ளே ஒரு செங்கல்லைப் போட்டால் மிச்சமாகும் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?
— வாசகர், திருச்சி

செங்கல் வேண்டாம். தண்ணீரில் ஊறிய செங்கல் நாளடைவில் கரைந்து பொடி உதிரும். அந்தப் பொடி, தண்ணீர் இறங்கும் துளையை அடைக்கும் அடிவாய் ரப்பரில் போய்ச் சிக்கிக்கொண்டால் ரப்பர் சரியாக உட்காராது. மிச்சம் பிடிக்கப் போய் ஒழுக்கை வரவழைத்த கதையாகிவிடும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, இறுக மூடி, உள்ளே இருக்கும் மிதவையில் இடிக்காத மூலையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். ஒரே இழுப்பில் சுத்தமாகாமல் இரண்டாவது தடவை இழுக்க வேண்டி வந்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

பழைய தொட்டிகள் ஒரு இழுப்புக்கு 10, 12 லிட்டரை விழுங்கும். ஆளுக்கு ஐந்து தடவை என்று வைத்தால் நான்கு பேருக்கு 200 லிட்டர், கழிவறைக்கு மட்டும். இப்போது வரும் இரட்டைப் பொத்தான் தொட்டியில் சிறியது 3 லிட்டர், பெரியது 6 லிட்டர். அந்த ஐந்தில் பெரியது ஒன்று, சிறியது நான்கு என்றால், அதே நான்கு பேருக்கு 72 லிட்டரில் வேலை முடிந்துவிடும். வீட்டில் ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் முதலில் இதைத்தான் மாற்றச் சொல்வேன்.

ஆனால் புதிதோ பழையதோ, ஒழுகாமல் இருக்க வேண்டும். மயிலாப்பூரில் ஒரு வீடு. வயதான கணவன் மனைவி இருவர்தான். அரிசி கழுவிய தண்ணீரில் புளி ஊறவைத்து, இரண்டாம் கழுநீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றி, துணி அலசியதில் வாசலைக் கழுவும் அம்மா அவர். அப்படியும் தொட்டி வற்றுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக் கழிவறைக்கு வந்தேன். பீங்கானின் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக வெள்ளையாக ஓர் உப்புக் கோடு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோட்டின் மேல் கண்ணாடித் தாள் ஒட்டியது போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, சொட்டும் இல்லை. அவர்களிடமே சொட்டு நீலம் கேட்டு வாங்கி மேல் தொட்டியில் நாலு சொட்டு விட்டேன். அந்த அம்மா காபி கலந்து கொண்டுவருவதற்குள் கீழே கிண்ணத்துத் தண்ணீர் நீலமாகிவிட்டது. அடிவாய் ரப்பர் இறுகி, ஓரம் மடங்கிக் கிடந்தது. ஒரு கை தண்ணீரைக்கூட வீணாக்காத வீட்டில், 10 லிட்டர் தொட்டி அரை மணிக்கு ஒரு முறை தானாக இறங்கித் தானாக நிரம்பினால் நாள் ஒன்றுக்கு 480 லிட்டர். அந்த அம்மா முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் என்ன தப்பு?

இன்றைக்கே உங்கள் வீட்டிலும் சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் யாரும் தண்ணீர் இழுக்கக்கூடாது. கீழே நீலம் வராவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கிறோம். கீழ்த்தளக் குளியலறைக்கு வெந்நீர் வருவதற்குள் அரை வாளி பச்சைத் தண்ணீர் ஓடிவிடுகிறது. குழாயில் கோளாறா?
— வாசகி, கோவை

கோளாறு இல்லை. மாடியிலிருந்து கீழ்வரை குழாயில் நிற்கும் ஆறிய தண்ணீர் வெளியே வந்தால்தான் வெந்நீர் வர முடியும். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 300 மி.லி. நிற்கும். உங்கள் குழாய் 20 மீட்டர் ஓடினால் 6 லிட்டர். ஒரு அங்குலக் குழாயாக இருந்தால் 10 லிட்டருக்குக் கிட்டே போய்விடும். அதனால்தான் வெந்நீர் வழிக்குத் தேவைக்கு மேல் பெரிய குழாய் போடாதீர்கள் என்று வீடு கட்டுகிறவர்களிடம் மன்றாடுவேன்.

முதலில் வருவதை வாளியில் பிடியுங்கள். சோலார் வெந்நீரை அப்படியே ஊற்றிக்கொள்ள முடியாது, எப்படியும் விளாவித்தானே குளிக்க வேண்டும்? விளாவுவதற்கான பச்சைத் தண்ணீர் அதுதான். ஒரு சொட்டும் வீணாகாது. வீட்டில் உள்ளவர்கள் அடுத்தடுத்துக் குளித்தால் குழாய் ஆறவும் இடம் இருக்காது. காலை ஆறுக்கு ஒருவர், ஏழரைக்கு ஒருவர், ஒன்பதுக்கு ஒருவர் என்றால் மூன்று தடவை அந்த 6 லிட்டர். வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் குழாய்க்கு வெப்பம் காக்கும் உறை மாட்டிவிடுங்கள், கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

குளிக்க ஷவர் சிக்கனமா, வாளி சிக்கனமா?
— வாசகர், கடலூர்

வாளிதான். ஒரு வாளி 15 முதல் 20 லிட்டர். சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். சோப்புப் போடும்போது மூடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலைக்கு வரும் அம்மா குழாயை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் பாத்திரம் துலக்குகிறார். எத்தனை முறை சொன்னாலும் அப்படியேதான். எப்படித் திருத்துவது?
— வாசகி, பெரம்பூர்

அவரைத் திருத்த வேண்டாம், குழாயைத் திருத்துங்கள். பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், குழாய்க்கு வரும் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் காக் ஒன்று இருக்கும். அதைப் பாதிக்கு மேல் மூடிவையுங்கள். மேலே எவ்வளவு திறந்தாலும் அளவாகத்தான் வரும். குழாய் வாயில் மரை இருந்தால் ஏரேட்டர் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். காற்றைக் கலந்து விடுவதால் தண்ணீர் குறைவாக வந்தாலும் கை நிறைய வருவது போல இருக்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அதன் சல்லடை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ புளித்தண்ணீரிலோ ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் சரியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலைந்து வீட்டில் துலக்கிவிட்டு, பத்து மணிக்குள் உங்கள் வீட்டையும் முடிக்க வேண்டிய பெண் அவர். குழம்புச் சட்டியும் பால் பாத்திரமும் இரவு முழுவதும் காய்ந்து ஒட்டிக் கிடந்தால், தண்ணீரை வேகமாக விட்டுத்தான் அவர் நேரத்தை மிச்சம் பிடிக்க முடியும். சாப்பிட்ட உடனே எச்சிலை வழித்தெறிந்து, பாத்திரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது வீட்டில் உள்ளவர்கள் வேலை. இரண்டு பெரிய பேசின் வாங்கிக் கொடுங்கள், ஒன்றில் முதல் அலசல், மற்றதில் இரண்டாவது. துலக்கும்போது குழாயே தேவைப்படாது. முதல் அலசல் தண்ணீர் அழுக்கேறியதும் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக்கிக்கொள்ளலாம்.

பெரம்பூரில் தண்ணீர் வராத நாளில் தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் சுமக்கிறவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். தண்ணீரின் அருமையை அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

துணி துவைக்கும் இயந்திரத்தில் தினமும் போடுகிறோம். தவறா?
— வாசகி, ஈரோடு

அரைகுறையாக நிரப்பித் தினமும் போடுவது தவறு. மேலே திறக்கும் இயந்திரம் ஒரு தடவைக்கு 100 லிட்டரையும் தாண்டும், முன்பக்கம் திறப்பது ஏறக்குறைய அதில் பாதி. இயந்திரம் நிறையும் வரை சேர்த்துவைத்துப் போடுங்கள். கடைசி அலசல் தண்ணீரைப் பெரிய டிரம்மில் பிடித்தால் கழிவறைக்கும் தரைக்கும் ஆகும். ஒரு நாள் முழுக்க வைத்திருந்தால் நாறும், அன்றைக்கே செலவழித்துவிடுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் லாரித் தண்ணீர்ச் செலவை எல்லாரும் சமமாகப் பங்கிடுகிறோம். நாங்கள் இருவர், எதிர்வீட்டில் ஏழு பேர், அவர்கள் காரையும் ஹோஸ் பிடித்துத்தான் கழுவுகிறார்கள். நாங்கள் மட்டும் சேமித்து என்ன பயன்?
— வாசகர், வேளச்சேரி

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. சமப் பங்கு இருக்கும் வரை சேமிக்கிறவருக்கு நட்டம், செலவழிக்கிறவருக்கு லாபம். மீட்டர் வைப்பதுதான் நிரந்தர வழி. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று நினைத்து இறங்காதீர்கள். நம் ஊர் அடுக்ககங்களில் குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று மாடியிலிருந்து தனித்தனியாகக் குழாய் இறங்குவதால், ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர்கூடத் தேவைப்படும். முதலில் குழாய்களை எண்ணுங்கள், பிறகு செலவு கேளுங்கள். பொதுக்குழுவில் எடுத்த எடுப்பில் மீட்டரைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோய் மாடித் தொட்டி வழிவது எந்த அடுக்ககத்தில் இல்லை? நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏற்றும் மோட்டார் 20 நிமிடம் கூடுதலாக ஓடினால் 1,000 லிட்டர் மழைநீர்க் குழாய் வழியே தெருவுக்குப் போகும். தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியை மாட்டுங்கள். இதில் யாருக்கும் எதிர்வீட்டோடு பகை இல்லை, எல்லாருக்கும் லாபம். அப்படியே, மாதம் எத்தனை லாரி வந்தது என்று படிக்கட்டு ஓரத்துப் பலகையில் எழுதிப்போடுங்கள். அளவு கண்ணில் பட்டால் பேச்சு தானாகத் தொடங்கும்.

பெங்களூருவில் 2024 மார்ச்சில் தண்ணீர் முடைப்பட்டபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். நம் தெருக்களிலும் அந்த நிலை வருவதற்கு முன் எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு வாளியும் ஈரத்துணியும் போதும் என்று நேரில் சொல்லிப் பாருங்கள். கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?
— வாசகி, சேலம்

தினமும் அதையே ஊற்றாதீர்கள். உள்ளே போன தண்ணீரின் உப்பில் பெரும்பகுதி அந்தக் கழிவு நீரில்தான் சேர்ந்திருக்கிறது. தொட்டிமண் நாளடைவில் மேலே வெள்ளை பூக்கும், செடி கருகும். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, துணியின் முதல் அலசலுக்கு நன்றாகப் பயன்படும். வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியேறுகிறது. ஆகவே கழிவுக்குழாயைப் பாத்திரம் துலக்கும் தொட்டியில் தொங்கவிடாமல் ஒரு வாளிக்குள் விட்டுவையுங்கள்.

உங்களுக்கு ஆர்.ஓ. தேவையா என்பதையும் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை இருக்கலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். அதற்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ஆம் ஆண்டிலேயே சொன்னது. கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி அளந்து பாருங்கள். அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். உப்பு குறைவாக இருந்தாலும் காய்ச்சி வடிகட்டிக் குடிப்பதை விட்டுவிட வேண்டாம்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்கிறார்களே?
— வாசகர், வேலூர்

வேண்டாம். காற்றின் தூசியும் உலோகமும் அதில் கலந்திருக்கும். பேட்டரிக்கு அதற்கென்று விற்கும் தண்ணீர்தான். ஏசித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள்.

2003-இல் கட்டாயப்படுத்தியபோதே மழைநீர்க் குழி தோண்டிவிட்டோம். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், வளசரவாக்கம்

அதைத் திறந்து பார்த்துக் கனகாலம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு தோண்டிய குழிகள் பலவற்றை நான் திறந்திருக்கிறேன். கூழாங்கல்லுக்கு மேல் சேறு அப்பிக்கொண்டு, சிமெண்டு பூசியது போல இறுகிக் கிடக்கும். மேலே விழும் மழை உள்ளே இறங்காமல் வழிந்து தெருவுக்குப் போகும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசிக்குள் கல்லையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

முடிந்தால், மாடியில் விழும் மழையில் ஒரு பகுதியை நேராகத் தரைக்கடியில் உள்ள தொட்டியான சம்ப்புக்கே கொண்டுவாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆகவே உங்கள் மாடியில் மட்டும் ஆண்டுக்கு 1,30,000 லிட்டர் விழுகிறது. சிந்தியதும் சிதறியதும் போக ஒரு லட்சம் லிட்டர் என்று வைத்தாலும், 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரி. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். முதல் மழையைச் சம்ப்பில் விடாமல் வெளியே விட்டு, மாடி கழுவப்பட்ட பிறகு, மணல் வடிகட்டி வழியே உள்ளே விடுங்கள். மாடியில் நாய் வளர்த்தாலோ, புறாக் கூட்டம் தங்கினாலோ அந்தத் தண்ணீரைக் குழிக்கு மட்டும் அனுப்புங்கள்.

நீங்கள் எல்லாரும் வாளியில் மிச்சம் பிடிப்பது பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் நிலத்தடி நீர் உப்பு. அம்மாவும் நானும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிப் போய், ஊற்றில் அகப்பையால் மொண்டு மொண்டு நிரப்புகிறோம். விலைக்கு வாங்கும் நாளும் உண்டு. எங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறீர்களா?
— கல்லூரி மாணவி, ராமநாதபுரம் மாவட்டம்

மகளே, உன் கடிதத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். உன் அம்மாவுக்குச் சிக்கனம் சொல்லும் தகுதி இந்தப் பகுதிக்கு இல்லை. இதை நகரத்தில் இருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர்கள் குழாயில் வருவது யார் ஊர்த் தண்ணீர் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைக்குக் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் குழாயில் தண்ணீர் வருகிறது. ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் கால்வாயில் பூண்டிக்கு வருகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் கொண்ட ரயில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு ஜூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த வீடுகளில் நான் வேலை பார்த்தேன். ரயில் வந்ததைக் கொண்டாடிய பலர், அது எந்த ஊர் மக்களுக்கு ஓட வேண்டிய தண்ணீர் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும். சென்னையில் ஒரு வீட்டில் இரவெல்லாம் ஒழுகும் தண்ணீர் அந்த வீட்டுக்காரர் பணம் கட்டிய தண்ணீர் மட்டும் அல்ல.

உன் வீட்டுக்கு உதவக்கூடிய ஒன்றே ஒன்று சொல்கிறேன். உங்கள் கூரை ஓடோ தகரமோ காங்கிரீட்டோ, 200 சதுர அடி இருந்தாலே, 20 மி.மீ. மழை ஒரு தடவை பெய்தால் 370 லிட்டர் விழும். சிந்தியது போக 300 லிட்டர், ஏறக்குறைய இருபது குடம். கூரை ஓரத்தில் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்துத் தாழ்வாரம் போலக் கட்டி, முனையை மூடியுள்ள டிரம்முக்குள் விடுங்கள். உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள், ரசாயனம் வந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டு, பிறகு வாயில் நாலு மடிப்பு வெள்ளை வேட்டித் துணி கட்டிப் பிடிக்க வேண்டும். கொசு புகாமல் மூடி இருக்கட்டும். உப்பு இல்லாத தண்ணீர், காய்ச்சினால் குடிக்கவும் சோறு வடிக்கவும் ஆகும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் மட்டும் குடிக்க வைத்துக்கொள்ளாதே. ஊரில் ஊருணி இருந்து தூர்ந்து கிடந்தால், கிராம சபைக் கூட்டத்தில் அதைத் தூர்வாரத் தீர்மானம் கேளுங்கள். படித்த பிள்ளை நீ எழுந்து கேட்டால் பதிவில் ஏறும்.

சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் கூப்பிட்டால் வருவதே இல்லை. நானே மாற்றலாமா?
— வாசகி, மதுரை

தாராளமாக. சின்ன வேலை என்று பலர் வராமல் தட்டிக்கழிக்கிறார்கள், என் தொழில்காரர்கள் மேல் எனக்கே அதில் வருத்தம் உண்டு. ஒரு டம்ளரைச் சொட்டுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். 200 மி.லி. டம்ளர் பத்து நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 29 லிட்டர், இரண்டு குடம். சின்ன வேலையே இல்லை.

பல சுற்றுத் திருகும் பித்தளைக் குழாயாக இருந்தால்தான் வாஷர். கால் சுற்றில் திறந்து மூடுவதாக இருந்தால் உள்ளே பீங்கான் தகடு வைத்த ஸ்பிண்டில், அதை முழுதாக மாற்ற வேண்டும். எதுவானாலும் முதலில் கேட் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடியைக் கழற்றி, அதன் கீழ் உள்ள அறுகோண மூடியின் மேல் துணி சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். துணி சுற்றாவிட்டால் பளபளப்புப் பூச்சு உரிந்துவிடும். வெளியே வரும் தண்டின் நுனியில் வட்டமாக வாஷர் இருக்கும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், அளவு பார்த்துத்தான் கொடுப்பார்கள். புதியதைப் போடுவதற்கு முன், அது போய் உட்காரும் பித்தளை வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பூட்டிவிடலாம். பள்ளமோ கீறலோ தட்டுப்பட்டால் எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டும், குழாயையே மாற்றிவிடுங்கள்.

பூட்டிய பிறகு கேட் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சொட்டு நின்ற பிறகு சிலர் பயந்துபோய்க் குழாயை முழுப் பலத்தோடு இறுக்குவார்கள். தண்ணீர் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள், புது வாஷர் இரண்டு மடங்கு நாள் உழைக்கும்.